பட்டறைக்கு முன் பள்ளி

இந்தியாவில் 19 முதல் 24 வயது வரையிலான உழைப்பாளர்களுள் முறையான தொழிற்கல்வி பெற்றோர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2012–17 காலத்துக்குரிய பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் மதிப்பிட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அந்த எண்ணை எடுத்தாண்டு, அமெரிக்காவில் அது 52 விழுக்காடு, ஜெர்மனியில் 75, தென் கொரியாவில் 96 என்று அருகருகே வைத்துக் காட்டியது. தொழிற்கல்வி என்பதற்கு ஒவ்வொரு நாடும் வேறு வரையறை வைத்திருப்பதாலும், பட்டறையிலும் கட்டடப் பணியிடத்திலும் மேஸ்திரியிடம் வேலை பழகிய கோடிக்கணக்கான இந்தியர்கள் இந்தக் கணக்கில் வராததாலும், இவ்வெண்களை நேருக்கு நேர் ஒப்பிடுவது முழுதும் பொருந்தாது. ஆயினும் அவை சுட்டும் நிலைமை பொய்யன்று. தேர்ச்சி பெற்ற ஆள் கிடைக்கவில்லை என்று தொழிற்சாலைகள் சொல்கின்றன. தொழிற்பயிற்சி நிலையங்களிலோ நாடு முழுவதும் ஏறத்தாழப் பாதி இடங்கள் நிரம்பாமல் கிடக்கின்றன. பட்டம் பெற்ற இளைஞர்கள் இலட்சக்கணக்கில் எழுத்தர் பணித் தேர்வுகளை எழுதிக்கொண்டிருக்கின்றனர். இம்மூன்றும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் நிகழ்வதன் காரணத்தைப் பயிற்சி நிலையங்களின் சுவர்களுக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. அதன் பெரும்பகுதி, அங்கே வருமுன் மாணவர் எட்டாண்டுகளோ பத்தாண்டுகளோ அமர்ந்திருந்த பள்ளியில் இருக்கிறது.

மொழி, கணக்கு, அறிவியல், வரலாறு முதலியவற்றைக் குறிப்பிட்ட எந்த வேலையையும் கருதாமல் கற்பிப்பது பொதுக்கல்வி. ஒரு தொழிலைச் செய்வதற்குரிய அறிவையும் கைத்திறனையும் கற்பிப்பது தொழிற்கல்வி. இவ்விரண்டையும் எந்த வயதில், யாருக்கு, எந்த அளவில் தருவது என்னும் கேள்வி ஆட்சியாளர்களுக்கு நிர்வாகக் கேள்வியாகத் தோன்றினாலும், இந்தியாவில் அது சாதியையும் வர்க்கத்தையும் தொடாமல் ஒருநாளும் எழுந்ததில்லை. அதனைத் தமிழகத்தைப்போல் கூர்மையாக உணர்ந்த பகுதி வேறில்லை எனலாம்.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாடும், அதனைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் தலைமையிலான குழுவும் வகுத்த ஆதாரக் கல்வி, ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, அதன் வழியாகவே மொழியையும் கணக்கையும் கற்பிக்க முனைந்தது. எல்லாக் குழந்தைகளும் நூற்க வேண்டும், எல்லாக் குழந்தைகளும் படிக்க வேண்டும் என்பதே அதன் கொள்கை. அதனோடு தோற்றத்தில் ஒத்திருந்தும் உள்ளடக்கத்தில் வேறுபட்டது, 1953இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம். கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரம் மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. ஒரே ஆசிரியரும் ஒரே கட்டடமும் காலையில் ஓர் அணிக்கும் அதன்பின் மற்றோர் அணிக்கும் பயன்படுவதால், அன்று பள்ளிக்கு வெளியே இருந்த ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளைக் கூடுதல் செலவின்றி உள்ளே கொண்டுவரலாம் என்பது அரசின் கணக்கு. மீதி நேரத்தில் குழந்தை தன் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும்.

பெற்றோரின் தொழில் என்பது சாதியால் வரையறுக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தில் இந்தக் கடைசி விதிக்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும். சலவைத் தொழிலாளியின் மகன் துணி வெளுக்கவும், முடிதிருத்துபவரின் மகன் முடி திருத்தவும், நிலமற்ற உழவுக்கூலியின் மகன் மாடு மேய்க்கவும் அரசே நேரம் ஒதுக்கித் தருகிறது என்று அத்திட்டம் புரிந்துகொள்ளப்பட்டது. குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் போராடின. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் இராஜாஜி விலகிக் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. பற்றாக்குறையான பள்ளிகளை வைத்துக்கொண்டு எண்ணிக்கையைக் கூட்ட விரும்பிய ஒரு நிர்வாகியின் நோக்கம் அதில் இருந்தது என்பதை வரலாற்றாசிரியர் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் குழந்தையின் பள்ளி நேரத்தை வெட்டி அந்த இடத்தில் தொழிலை வைப்பது, அதுவும் பிறப்பினால் வந்த தொழிலை வைப்பது, எந்த நிர்வாக வசதியாலும் நியாயப்படுத்த முடியாத அநீதி.

அந்த நினைவு இன்னும் ஆறவில்லை. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஏதேனும் ஓர் ஆண்டில் பத்து நாள் புத்தகப் பையின்றித் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்ற உள்ளூர்த் தொழிலாளரிடம் மாணவர் பழக வேண்டும் என்று 2020 கல்விக் கொள்கை சொன்னபோது தமிழகத்தில் உடனே எழுந்த ஐயம் 1953இலிருந்து வந்ததே. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம், குடும்ப வழியாக மரபுத் தொழில் செய்வோரைப் பயனாளிகளாகக் கொண்டதால், அதனைத் தற்போதைய வடிவில் ஏற்க இயலாது என்று தமிழ்நாடு அரசு 2024இல் தெரிவித்தது. அதற்கு மாற்றாகக் குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையை நீக்கி, 35 வயது நிறைந்தோருக்கென்று கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. வயது வரம்பில் அடங்கியிருக்கும் கருத்தைக் கவனிக்க வேண்டும்: ஏற்கெனவே ஒரு தொழிலில் நிலைபெற்றுவிட்டவருக்குக் கடனும் கருவியும் தரலாம், கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் இருப்பவரை அதற்குள் இழுக்கக் கூடாது.

இராஜாஜியின் திட்டத்துக்குக் காமராசர் ஆட்சி தந்த விடை எதிர்த்திசையில் அமைந்தது. பள்ளி நேரத்தைக் குறைப்பதற்கு மாறாகப் பள்ளிகளைப் பெருக்கி, வரும் குழந்தை பசியால் திரும்பிவிடாதபடி 1956 முதல் மதிய உணவும் தந்தது. அதே ஆண்டுகளில் பாலிடெக்னிக் எனப்படும் பலவகைத் தொழில்நுட்பப் பயிலகங்களும் தொழிற்பயிற்சி நிலையங்களும் திறக்கப்பட்டன. கிண்டியிலும் பின்னர் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை 1955இல் இயங்கத் தொடங்கித் தனக்கெனப் பயிற்சிப் பள்ளியும் வைத்துக்கொண்டது. பள்ளி, பயிற்சி நிலையம், வேலை தரும் ஆலை ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒருங்கே வளர்ந்ததனால், தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டிய ஒருவர் பிட்டராகவோ டர்னராகவோ பயின்று நிரந்தர வேலையில் அமர முடிந்தது. இந்தியாவிலேயே மிகுதியான தொழிற்சாலைகள் இருக்கும் மாநிலமாகத் தமிழ்நாடு இன்று விளங்குவதற்கும், அதன் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டின் சராசரியைப் பெரிதும் விஞ்சி 47 விழுக்காட்டை எட்டியதற்கும் வேர் ஒன்றே என்பதை மறந்துவிட்டு, உயர்கல்வியும் தொழிற்பயிற்சியும் ஒன்றையொன்று தின்பவை என்று பேசுவது பொருந்தாது.

தேசிய அளவில் நடந்தது வேறு. 1964–66இல் செயல்பட்ட கோத்தாரிக் குழு, பத்தாம் வகுப்புக்குப் பின் படிப்பைத் தொடர்வோரில் பாதிப் பேர் தொழிற்கல்விப் பிரிவுக்குச் செல்ல வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதனைத் தணித்து, மேல்நிலை மாணவரில் 1990க்குள் 10 விழுக்காடு, 1995க்குள் 25 விழுக்காடு என்று இலக்கு வைத்தது. 1992இல் கொள்கை திருத்தப்பட்டபோது அவ்விலக்குகள் ஐந்தாண்டு தள்ளிப்போயின. தள்ளிவைத்த ஆண்டுகளிலும் அவை எட்டப்படவில்லை. தமிழகத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே பொது இயந்திரவியல், வேளாண்மை, செவிலியம், அலுவலக மேலாண்மை முதலிய தொழிற்பாடங்களும் தொடங்கின. ஓரளவுக்கு நன்றாக வளர்ந்த அந்தப் பிரிவு, ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்களின் இடங்கள் நிரப்பப்படாமல் விடப்பட்டதாலும், கருவிகள் பழையனவாகவே இருந்ததாலும், பள்ளி பள்ளியாகத் தேய்ந்தது. மதிப்பெண் குறைந்தவருக்கு ஒதுக்கப்படும் பிரிவு என்ற பெயர் வந்துவிட்டபின், அங்கே விரும்பிச் சேர்ந்தவரும் அதனைச் சொல்லிக்கொள்ளத் தயங்கினர்.

இலக்குகள் ஏன் தவறின என்பதற்கு விளக்கம் இந்தியாவுக்கு வெளியே முன்பே எழுதப்பட்டிருந்தது. கல்விச் சமூகவியலாளரான பிலிப் பாஸ்டர், கானா நாட்டை ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், பாடத்திட்டத்தை மாற்றினால் மாணவரின் விருப்பம் மாறிவிடும் என்னும் நம்பிக்கை தவறானது என்று வாதிட்டார். பள்ளியில் வேளாண்மையும் தச்சும் கற்பித்தாலும், ஊதியமும் மதிப்பும் அலுவலக வேலைக்கே கிடைக்கும் நாட்டில் மாணவர் அலுவலகத்தையே நாடுவர்; அது அவர்களின் அறியாமையன்று, சூழ்நிலையைச் சரியாகக் கணித்ததன் விளைவு. இலங்கையில் 1972இன் கல்விச் சீர்திருத்தம் உள்ளூர்த் தொழில்களைத் தொழில்முன்னிலைப் பாடங்களாகப் புகுத்தியதும், 1977இல் ஆட்சி மாறியவுடன் அப்பாடங்கள் மறைந்ததும் பாஸ்டரின் கருத்துக்கு அரணாக நிற்கின்றன. பெற்றோர் உடலுழைப்பை இழிவாகக் கருதுவதாலேயே தொழிற்கல்வி வளரவில்லை என்று மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. உழைப்பை இழிவுபடுத்தும் மனநிலை இந்தச் சமூகத்தில் உண்டு. அதைப் படைத்தவர்கள் உழைக்கும் பெற்றோர்கள் அல்லர். ஒப்பந்தக் கூலியாக ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் வெல்டரின் ஊதியச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தன் மகளைக் கலைக் கல்லூரியில் சேர்க்கும் தாயின் முடிவில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை.

இன்றைய அமைப்பின் முதுகெலும்பு, 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் இயங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள். மக்கள் வழக்கில் இவை ஐ.டி.ஐ. எனப்படும். எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ தேறியவர்கள் ஓராண்டு அல்லது ஈராண்டுப் பயிற்சியில் சேர்ந்து, பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன், வெல்டர், படவரைவாளர் என்று ஏதேனும் ஒரு தொழிற்பிரிவில் பயின்று, அகில இந்தியத் தேர்வெழுதித் தேசியத் தொழிற்சான்றிதழ் பெறுகின்றனர். நாட்டில் இத்தகைய நிலையங்கள் ஏறத்தாழ 15,000 உள்ளன. அவற்றுள் அரசு நடத்துபவை ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். தனியார் நிலையங்கள் 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் மிக வேகமாகப் பெருகின. இயந்திரம் வாங்குவது செலவு மிக்கது என்பதால், குறைந்த கருவிகளோடு நடத்தக்கூடிய பிரிவுகளிலேயே அவற்றில் பல குவிந்தன.

தமிழ்நாட்டு அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், பேருந்து அட்டையும், மிதிவண்டியும், சீருடையும், காலணியும், வரைபடக் கருவிகளும் தரப்படுகின்றன. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை வருமானமின்றி ஈராண்டு படிப்பதற்கு இவை சிறு உதவிகளே எனினும், அவை இல்லாத இடத்தில் சேர்க்கை விழுந்துவிடும். 71 அரசு நிலையங்களை டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய்ச் செலவில் மேம்படுத்தும் திட்டத்தினால், ரோபோவியல், மின்வாகனப் பழுதுபார்ப்பு, கணினிவழி இயங்கும் சி.என்.சி. இயந்திரங்கள் ஆகியவற்றில் பயிற்சி தரும் கூடங்கள் எழுந்துள்ளன. இது பாராட்டத்தக்க முதலீடு. ஆனால் புதிய இயந்திரத்தின் முன்னால் நிற்கும் மாணவர் எதைத் தெரிந்துகொண்டு வருகிறார் என்ற கேள்விக்கு இயந்திரம் விடை தராது.

அந்தக் கேள்வியே இப்பொருளின் நடுவில் இருப்பதால், அதனைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். டர்னர் பிரிவில் பயிலும் ஒருவருக்கு, 50 மில்லிமீட்டர் நீளத்தில் 40 மில்லிமீட்டர் விட்டத்திலிருந்து 30 மில்லிமீட்டருக்குக் குறையும் சரிவு ஒன்றை லேத்தில் கடையுமாறு வேலை தரப்படுகிறது என்று கொள்வோம். அவர் விட்ட வேறுபாட்டின் பாதியான 5ஐ, நீளமான 50ஆல் வகுத்து, வரும் 0.1 எந்தக் கோணத்தின் டேன் மதிப்பு என்று அட்டவணையில் கண்டு, வெட்டுக்கருவியைத் தாங்கும் காம்பவுண்டு ரெஸ்ட்டை 5 பாகை 43 கலை அளவுக்குத் திருப்ப வேண்டும். கடைந்தபின் 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கும் வெர்னியர் அளவியால் சரிபார்க்க வேண்டும். அதற்குத் தசமப் பின்னம் தடுமாற்றமின்றி வர வேண்டும். வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ள அளவு எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்னும் பொறுதி எல்லையைப் படிக்கத் தெரிய வேண்டும். எலக்ட்ரீஷியனுக்கு ஓம் விதியும் மும்முனை மின்சாரத்தின் கணக்கும் அதேபோல் இன்றியமையாதவை. இவற்றில் பயிற்சி நிலையத்திலேயே முதன்முதலாகத் தொடங்கக்கூடியது எதுவும் இல்லை. டேன் மதிப்பு தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் வருகிறது. வகுத்தல் தொடக்கப் பள்ளியிலேயே வருகிறது.

பிரதம் அமைப்பின் முன்முயற்சியில் ஊரகக் கல்வி நிலையை அளக்கும் ஏசர் ஆய்வு, 2023இல் 14 முதல் 18 வயது வரையிலான இளையோரைச் சோதித்தபோது, ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இரண்டாம் வகுப்பு நிலைப் பாடத்தைத் தம் வட்டார மொழியிலேயே தடையின்றிப் படிக்க இயலவில்லை. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43 விழுக்காட்டினர் மட்டுமே. அதே ஆய்வில் தொழிற்பயிற்சியில் இருப்பதாகச் சொன்னவர்கள் 5.6 விழுக்காட்டினர், அவர்களிலும் பெரும்பாலோர் ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ நடக்கும் குறுகியகாலப் பயிற்சிகளில் இருந்தனர். வகுத்தல் தெரியாத மாணவரிடம் சரிவுக் கோணத்தைக் கற்பிக்க நேரும் பயிற்றுநருக்கு இரண்டு வழிகளே எஞ்சுகின்றன. ஒன்று, தொடக்கப் பள்ளிக் கணக்கிலிருந்து தொடங்குவது; அதற்கு ஈராண்டில் இடமில்லை. மற்றொன்று, காரணத்தை விட்டுவிட்டு, கைப்பிடியை இத்தனை பாகை திருப்பு என்று செயலை மட்டும் மனப்பாடமாக்குவது. இரண்டாம் வழியில் பயின்று வெளிவருபவர் அந்த ஓர் இயந்திரத்தில், அந்த ஒரு வேலையை மட்டும் செய்வார். இயந்திரம் மாறும் நாளில் அவருடைய சான்றிதழ் பயனற்றுப் போகும்.

இந்த அச்சம் கற்பனையானதன்று. எரிக் ஹனுஷெக்கும் அவருடன் ஆய்ந்த பொருளியலாளர்களும் பல நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2017இல் வெளியிட்ட ஆய்வில், தொழிற்கல்வி பெற்றோர் இளமையில் எளிதாக வேலை பெறுகின்றனர் என்பதும், வயது ஏற ஏற அந்த மேம்பாடு கரைந்து, பிற்காலத்தில் பொதுக்கல்வி பெற்றோரே வேலையில் நிலைக்கின்றனர் என்பதும் தெரியவந்தன. பள்ளியும் தொழிற்சாலையும் பயிற்சியைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை முறைக்குப் புகழ்பெற்ற ஜெர்மனியிலும் இப்போக்கு காணப்படுகிறது. தொழில்நுட்பம் மாறும்போது புதியதைக் கற்கும் ஆற்றலைத் தருவது அடிப்படைக் கல்வி என்பதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. தென் கொரியா வரிசையைச் சரியாக வைத்துக்கொண்டது: போருக்குப் பின் தொடக்கக் கல்வியை எல்லாருக்கும் உரியதாக்கி, அதன்மேல் 1970களில் தொழில் உயர்நிலைப் பள்ளிகளை எழுப்பி, பெரிய ஆலைகள் தாமே பயிற்சி தர வேண்டும், தவறினால் அதற்கென்று தீர்வை செலுத்த வேண்டும் என்று சட்டமும் செய்தது. 96 விழுக்காடு என்னும் எண்ணை மேற்கோள் காட்டுவோர் இந்த வரிசையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆலைகளின் பொறுப்பு என்பது தனித்த ஒரு சிக்கல். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், அப்ரண்டிஸ் என்று பரவலாக அறியப்படும் பழகுநர்களை நிறுவனங்கள் ஏற்றுப் பயிற்சி தரவேண்டும் என்கிறது. 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனம் தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை அமர்த்த வேண்டும். அவர்களுக்குரிய உதவித்தொகையில் ஒரு பகுதியை 2016இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் ஒன்றிய அரசு ஏற்கிறது. எனினும் நாட்டின் பெரும்பாலான தொழிலகங்கள் இந்த வரம்புக்கும் கீழே இருக்கும் குறுந்தொழில்கள். கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் பத்துப் பேர் பட்டறையோ, திருப்பூரில் பின்னலாடை தைக்கும் சிறு கூடமோ பயிற்சிக்கென்று ஒருவரை நிறுத்த இயலாது. பெரிய நிறுவனங்களுக்கு வேறொரு தயக்கம் உண்டு: செலவழித்துப் பழக்கிய ஆளைப் பக்கத்து ஆலை கூடுதல் ஊதியம் கொடுத்து அழைத்துக்கொண்டால் செலவு ஒருவருக்கும் பயன் மற்றொருவருக்கும் ஆகிறது. எல்லாரும் இப்படி எண்ணும்போது எவரும் பழக்குவதில்லை. பிரேசில் 1942இல் இதற்கு ஒரு தீர்வு கண்டது. தொழில் நிறுவனங்கள் தம் ஊதியப் பட்டியலில் 1 விழுக்காட்டைச் செலுத்த, அந்நிதியில் செனாய் என்னும் பயிற்சி அமைப்பு நாடெங்கும் இயங்குகிறது. பயிற்சி பெற்றவர் எந்த ஆலைக்குப் போனாலும் இழப்பு யாருக்கும் இல்லை, ஏனெனில் எல்லாரும் கட்டியிருக்கின்றனர். இந்தியாவில் இத்தகைய பொதுத் தீர்வை இல்லை. வேண்டும் என்ற விவாதமாவது வலுவாக நடக்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்று குறைப்படும் உரிமை, ஆளை உருவாக்கும் செலவில் பங்கேற்பவர்களுக்கே பொருந்தும்.

இதற்கிடையில் அரசு எளிய வழியொன்றை நாடியது. 2015இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம், பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் வரையிலான பயிற்சிகளின் வழியாக ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சான்றிதழ் வழங்கியது. ஏற்கெனவே வேலை தெரிந்தவருக்கு அங்கீகாரம் தருவதற்கும், தேர்ந்த தொழிலாளி புதிய கருவியைப் பழகுவதற்கும் குறுகியகாலப் பயிற்சி பயன்படும். பள்ளியில் எதையும் கற்காமல் வெளியேறிய இளைஞருக்கு அது தொழிலைத் தந்துவிடும் என்று எதிர்பார்ப்பது அவரை ஏமாற்றுவதாகும்.

ஒரு தொழிற்பிரிவில் சேர்ந்தவர் அங்கேயே அடைபடாமல் மேலே போக வழி இருக்கிறதா என்பது, பெற்றோர் அதனை நம்புவதற்கும் நம்பாமைக்கும் இடையிலான வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஈராண்டுப் பயிற்சியோடு மொழித் தேர்வுகளையும் எழுதித் தேறியவர் மேல்நிலைத் தேர்ச்சிக்கு நிகரான தகுதி பெறும் வாய்ப்பும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், 2022இல் தொடங்கியபோதே பட்டப்படிப்போடு பட்டயத்தையும் தொழிற்பயிற்சியையும் சேர்த்துக்கொண்டது. எனினும் தொழிற்பயிற்சி நிலையங்களில் பெண்கள் இன்னும் சிறு பங்கினரே. அவர்களிலும் பலர் தையல், கணினி இயக்கம் முதலிய சில பிரிவுகளிலேயே இருக்கின்றனர். ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மின்னணு ஆலைகளின் தொகுப்பு வரிசைகளை நடத்துபவர்களுள் பெரும்பாலோர் பெண்கள் என்னும்போது, இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் அவர்களைக் காணாமைக்குத் திறமையின்மை காரணமாக இருக்க முடியாது. பெண்களுக்கான விடுதியும், கழிப்பறையும், இரவு முறை முடிந்து திரும்பும் பேருந்தும் இல்லாமையே பெரும்பாலும் காரணம்.

2025 மே மாதத்தில் ஒன்றிய அமைச்சரவை, 1,000 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதில் 30,000 கோடியை ஒன்றிய அரசும், 20,000 கோடியை மாநிலங்களும், 10,000 கோடியைத் தொழில் துறையும் ஏற்க வேண்டும். ஒரு மைய நிலையத்தைச் சுற்றிச் சில நிலையங்கள் என்ற அமைப்பில் அவை இயங்கும். இவ்வளவு பெரிய தொகை இத்துறைக்கு ஒதுக்கப்படுவது இதுவரை நிகழாதது. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் பணம் செலவாவது எளிது. அவை கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழாவுக்கும் உதவும். இத்துறையின் உண்மையான பஞ்சம் பயிற்றுநர்களில் இருக்கிறது. தொழில் தெரிந்தவருக்கு அதைக் கற்பிக்கத் தெரிய வேண்டும் என்பதற்காகவே ஓராண்டுப் பயிற்றுநர் பயிற்சி உண்டு. அதனைப் பெறாமலே பலர் வகுப்பு நடத்துகின்றனர். பணியிடங்கள் காலியாகவும், நிரம்பிய இடங்களில் பல தற்காலிகமாகவும் இருக்கும்வரை, ஆலையில் நல்ல ஊதியம் பெறக்கூடிய தேர்ந்த தொழிலாளி அதை விட்டுக் கற்பிக்க வர மாட்டார்.

அந்தத் திட்டத்தில் 50,000 பயிற்றுநர்களுக்குப் பயிற்சி அளிப்பதும், சென்னை, புவனேசுவரம், ஐதராபாத், கான்பூர், லூதியானா ஆகிய ஐந்து நகரங்களின் தேசியத் திறன் பயிற்சி நிலையங்களை உயர்த்துவதும் அடங்கியுள்ளன. கிண்டியில் உள்ள சென்னை நிலையம் பயிற்றுநர்களை உருவாக்குவதற்கென்றே நெடுங்காலமாக இயங்குவது. அங்கே சேரும் பயிற்றுநர்களுக்குத் தம் தொழிற்பிரிவோடு, பள்ளிக் கணக்கில் பின்தங்கி வரும் மாணவருக்கு அதை மீண்டும் கற்பிக்கும் முறையும் பாடமாக வேண்டும். ஒவ்வொரு தொழிற்பயிற்சி நிலையத்திலும் கணக்குக்கும் மொழிக்கும் நிரந்தர ஆசிரியர் பணியிடம் ஒன்றேனும் உருவாக வேண்டும். அருகிலுள்ள அரசு உயர்நிலைப் பள்ளியின் கணக்கு ஆசிரியரும் பயிற்சி நிலையத்தின் பயிற்றுநரும் ஒருவர் வகுப்பை மற்றவர் காண ஆண்டுக்குச் சில நாள்களாவது ஒதுக்கப்பட வேண்டும். 60,000 கோடியில் இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிய பங்கே.